திறந்த காரும் மூடிய களஞ்சியமும்



ஆகஸ்ட் 15 என்றால் நமக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா ஒருபுறம், நாட்டின் விடுதலைத் திருநாள் மறுபுறம். காலையில் கொடியேற்றம், பிள்ளைகளுக்கு மிட்டாய், பிறகு திருப்பலி என்று அந்த நாள் நமக்கு வேகமாக ஓடிவிடும்.

2025ஆம் ஆண்டு இதே விழா வாரத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரையில் வேறொரு விழா நடந்தது. பெபிள் பீச் என்ற ஊரிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பழைய கார்களின் கண்காட்சியும் ஏலமும் நடைபெறும். அங்கே ஒரு பழைய இத்தாலியக் கார் விற்பனைக்கு வந்தது. 1961ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர். மேற்கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் கார். இரண்டே பேர் உட்காரலாம். ஏலத்தில் அது எட்டிய விலை இரண்டரைக் கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். நம் பணத்தில் ஏறத்தாழ 220 கோடி ரூபாய்!

'சாமியாருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் கேட்கலாம். 220 கோடியைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முதலில் வருவது பெருமூச்சு, அடுத்து வருவது கோபம். 'இந்தப் பணத்தில் எத்தனை ஏழைகளுக்கு வீடு கட்டலாம்!' என்று உடனே கணக்குப் போடுவோம். நானும் போட்டேன். ஆனால் நற்செய்தியில் இதே கணக்கை ஒருவர் போட்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்ததும் சற்றுத் தயங்கினேன். அந்தத் தயக்கத்தில் பிறந்ததே இந்தச் சிந்தனை. அந்த ஒருவர் யார் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் காரைப் பார்ப்போம்.

ஒரே நாடு, இரண்டு கார்கள்

இரண்டாம் உலகப் போரில் சிதைந்துபோன இத்தாலி, 1950களில் மெல்ல எழுந்து நின்றது. 1957ஆம் ஆண்டில் அந்த நாட்டில் இரண்டு கார்கள் பிறந்தன. ஒன்று, ஃபியட் நிறுவனத்தின் சின்னஞ்சிறு '500'. ஸ்கூட்டரில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போன தொழிலாளி, மழையில் நனையாமல் போகட்டும் என்று செய்த கார் அது. 1975 வரை 35 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்து விற்றார்கள். ஃபியட் நமக்கும் அந்நியமல்ல. அதன் இன்னொரு மாடலைத்தான் மும்பையில் 'பிரீமியர் பத்மினி' என்ற பெயரில் செய்தார்கள். நம் ஊரில் அதை 'ஃபியட் கார்' என்றே சொல்லுவோம். எத்தனையோ கல்யாணப் பெண்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்ட கார் அது!

மற்றொன்று இந்த ஃபெராரி. கலிபோர்னியாவில் வெயிலும் கடற்காற்றும் பணமும் தாராளம். அங்குள்ள வாடிக்கையாளர்களுக்காகத் திறந்த கார் ஒன்று வேண்டும் என்று அமெரிக்காவில் ஃபெராரி விற்றவர்கள் கேட்டார்கள். அதனால்தான் இத்தாலியக் காருக்குக் கலிபோர்னியா என்று பெயர். 'ஸ்பைடர்' என்பது முன்காலத்தில் ஒருவகை லேசான, திறந்த குதிரை வண்டிக்கு வழங்கிய பெயர். மூன்று லிட்டர் கொள்ளளவும் பன்னிரண்டு சிலிண்டரும் கொண்ட இன்ஜின். 1957 முதல் 1960களின் தொடக்கம் வரை, நீண்ட அடிச்சட்டம் கொண்டவை, குட்டையான அடிச்சட்டம் கொண்டவை என இரு வகையிலும் சேர்த்து நூற்றுச் சில கார்கள்தாம் செய்யப்பட்டன. ஒன்று லட்சக்கணக்கில், மற்றொன்று நூறு சொச்சம். இந்த எண்ணிக்கை வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காரின் உடலைச் செய்தவர் மொதெனா நகரைச் சேர்ந்த செர்ஜோ ஸ்காலியெத்தி. தந்தை இறந்துபோனதால் சிறுவயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறை வேலைக்குப் போனவர். நம் ஊரில் 'டிங்கரிங்' என்கிறோமே, அதே வேலைதான். தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி, கையால் தடவிப் பார்த்து, மறுபடியும் தட்டி வளைவுகளைக் கொண்டுவந்த கைகள். அந்தக் கைகளில் கடவுள் வைத்த திறமையை நாம் மதிக்க வேண்டும். ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோ என்ற சிற்றூரில், பந்தயத்தில் ஃபெராரி வென்றால் பங்குக் கோயில் மணி அடிப்பது நெடுநாள் வழக்கம். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. அந்தத் தொழிற்சாலையில் உழைப்பவர்கள் அந்தப் பங்கின் மக்கள்தானே! உழைப்பின் வெற்றிக்கு ஊர்க்கோயில் மணி அடிப்பதில் என்ன தவறு?

ஆக, அழகாக ஒரு பொருளைச் செய்வது பாவமல்ல. நன்றாகச் செய்த வேலைக்கு நல்ல விலை கேட்பதும் பாவமல்ல. சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைக் காண நாம் பிரான்ஸ் நாட்டுக்குப் போக வேண்டும்.

களஞ்சியத்தில் கிடந்த கார்

மேற்குப் பிரான்சில் ரோஜே பாயோன் என்ற தொழிலதிபர் இருந்தார். லாரிப் போக்குவரத்து நடத்தியவர். போருக்கு முந்திய காலத்து அழகிய கார்களை மக்கள் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று 1950களிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். அருங்காட்சியகம் ஒன்று அமைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. நல்ல கனவுதான். ஆனால் 1970களில் தொழில் நொடித்தது. சேர்த்ததில் ஏறத்தாழ ஐம்பது கார்களை விற்க வேண்டியதாயிற்று. எஞ்சியவை அவருடைய நிலத்தில், தகரக் கொட்டகைகளில் அப்படியே நின்றுவிட்டன. அருங்காட்சியகம் வரவேயில்லை. அவர் இறந்தார். பிறகு மகனும் இறந்தார். கார்களின்மேல் கொடி படர்ந்தது, தகடு துருவேறி ஓட்டையானது, சில கார்கள் வண்டி என்று அடையாளம் தெரியாத அளவுக்கு இற்றுப்போயின.

2014ஆம் ஆண்டு, பாரீசைச் சேர்ந்த ஓர் ஏல நிறுவனத்தின் வல்லுநர்கள் அங்கே போனார்கள். ஒரு கொட்டகையின் உள்ளே, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு கார் புதைந்திருந்தது. தூசியைத் தள்ளிப் பார்த்தால், 1961ஆம் ஆண்டின் ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர்! 1960களில் பிரெஞ்சுத் திரைப்பட நடிகர் அலென் டெலோன் வைத்திருந்த கார் அது. அதில் அவர் நடிகை ஜேன் ஃபோண்டாவுடன் இருக்கும் பழைய புகைப்படங்கள் உண்டு.

2015 பிப்ரவரியில் பாரீசில் ஏலம். காரைக் கழுவவில்லை, தூசியைத் துடைக்கவில்லை. கண்டெடுத்த கோலத்திலேயே மேடையில் வைத்தார்கள். கட்டணங்களும் சேர்த்து 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்கு விற்றது. அன்றைய மதிப்பில் 110 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கொட்டகைகளில் கிடந்த ஐம்பத்தொன்பது வண்டிகளும் சேர்ந்து பெற்றது ஏறத்தாழ இரண்டரைக் கோடி யூரோ.

கார் வியாபாரிகள் இப்படிக் கிடைக்கும் வண்டிகளுக்கு 'களஞ்சியத்தில் கண்டெடுத்தவை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். களஞ்சியம்! இந்தச் சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்திருக்கும். விளைச்சல் பெருகியபோது பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வரின் உவமை. திட்டம் போட்ட அன்று இரவே அவருடைய உயிர் கேட்கப்பட்டது. சேர்த்து வைத்தவை இனி யாருக்கு என்ற கேள்வியோடு அந்த உவமை நிற்கிறது.

பாயோனை அந்த அறிவற்ற செல்வரோடு ஒப்பிட்டுத் தீர்ப்பிட எனக்கு உரிமையில்லை. அவர் பதுக்கியவர் அல்லர். பிறர் வீசியதைக் காப்பாற்ற நினைத்தவர், தொழிலில் அடிபட்டவர். நம்மில் எத்தனை பேருக்கு அந்த வேதனை தெரியும்! ஆனால் உவமை கேட்கும் கேள்வி அங்கேயும் நிற்கிறது, இங்கேயும் நிற்கிறது. சேர்த்தது யாருக்கு?

துரு தோற்றுவிட்டதா?

இங்கே உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. மண்ணுலகில் செல்வம் சேர்க்காதீர்கள், பூச்சியும் துருவும் அதை அழிக்கும் என்பது ஆண்டவரின் போதனை (மத்தேயு 6). இந்தக் காரைப் பார்த்தால் துரு செல்வத்தை அழித்ததாகத் தெரியவில்லையே! தூசியும் சிதைவும் ஏறிய கோலத்திலேயே அதற்கு மவுசு கூடியிருக்கிறது. ஆண்டவரின் கணக்கு இந்தக் காலத்துக்குப் பொருந்தாதா?

பதில் சொல்லுமுன், இந்த விலை எப்படி வருகிறது என்று பார்ப்போம். 2008ஆம் ஆண்டு, நடிகர் ஜேம்ஸ் கோபர்ன் வைத்திருந்த கலிபோர்னியா ஸ்பைடர் 70 லட்சம் யூரோவுக்குச் சற்று மேல் விற்றது. அது அன்று ஏலத்தில் ஒரு கார் பெற்ற உலகிலேயே உயர்ந்த விலை. 2015இல் டெலோன் கார் 163 லட்சம் யூரோ. 2025இல் இன்னொன்று 250 லட்சம் டாலருக்கு மேல். மூன்றும் தனித்தனிக் கார்கள்தாம், நிலையும் வேறு வேறு. கடைசியாக விற்றது பந்தயத்துக்கென்று அலுமினிய உடலோடு செய்த அரிய வகை. எனினும் விலை போன திசை தெளிவு.

இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, அருமை. நூறு சொச்சம் கார்களுக்கு உலகம் முழுவதிலுமிருந்து போட்டி. புதிதாக ஒன்று கூடச் செய்ய முடியாது. அச்சு அசலாக நகல் செய்யலாம். 1986இல் வந்த ஒரு புகழ்பெற்ற அமெரிக்கப் படத்தில் இந்தக் காரின் நகல்களைத்தான் ஓட்டினார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! அந்தப் படத்தில் தந்தை ஒருவர் இந்தக் காரைத் தினமும் துடைப்பார், ஓட்டமாட்டார். அவருடைய மகனோ அன்புக்கு ஏங்கிக் கிடப்பான். கடைசியில் மகனுடைய கோபம் அந்தக் காரின்மேல் பாய்கிறது, கார் பள்ளத்தில் விழுந்து நொறுங்குகிறது. நகைச்சுவைப் படம்தான். ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருப்போர் அந்த இடத்தில் சிரிக்க முடியாது.

இரண்டாவது, பணம் ஓர் இடம் தேடுகிறது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு மேலை நாடுகளில் வட்டி மிகவும் குறைந்தது. வங்கியில் போட்டால் வளராத பணம் ஓவியத்துக்கும், பழைய மதுவுக்கும், பழைய காருக்கும் போயிற்று. நம் ஊரில் தங்கத்துக்கும் மனைக்கும் போவதைப்போல! வாங்குகிறவர் காரை வாங்கவில்லை, நாளைய விலையை வாங்குகிறார். ஓட்டினால் தேய்மானம். எனவே குளிரூட்டிய அறையில் போர்வை போர்த்தி நிறுத்துகிறார்கள்.

மூன்றாவது, கதை. யார் உட்கார்ந்தார் என்பதற்கு விலை. இதற்கு நம் திருச்சபையிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 2015 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அமெரிக்கா சென்றபோது, பெரிய கார்களை விட்டுவிட்டு ஃபியட் 500எல் என்ற சிறிய காரில் போனார். அவற்றில் ஒன்றை 2016 ஜனவரியில் பிலடெல்பியாவில் ஏலம் விட்டபோது 82 ஆயிரம் டாலர் கிடைத்தது. கடையில் வாங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. காரின் உலோகம் மாறவில்லை, உட்கார்ந்தவர் மாறினார்.

இப்போது துருவுக்கு வருவோம். துரு எதை அரித்தது? காரின் சந்தை விலையை அல்ல. ஒரு மனிதரின் ஆயுளை, அவருடைய கனவை, அந்தக் கார் ஓடியிருக்க வேண்டிய நாட்களை அரித்துவிட்டது. திறந்த வானத்தின்கீழ், காற்று முகத்தில் அடிக்க, இருவர் பேசிச் சிரித்துக்கொண்டு போவதற்காகச் செய்த வண்டி அது. பழைய பத்திரிகைகளைச் சுமக்கும் மேசையாகப் பல ஆண்டுகள் இருட்டில் நின்றது. அதற்கு 110 கோடி கொடுத்தாலும் அந்த ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் திரும்ப வராது. ஆண்டவர் பொருளின் விலையைப் பற்றிப் பேசவில்லை. செல்வம் எங்கே இருக்கிறதோ அங்கே உள்ளமும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதைப் பற்றிப் பேசினார். களஞ்சியத்துக்குள் பொருள் போனால், உள்ளமும் கூடவே உள்ளே போய்விடுகிறது. துரு பிடிப்பது அங்கேதான்.

யூதாசின் கணக்கு

அப்படியானால், 'விற்று ஏழைகளுக்குக் கொடு' என்று சொல்லி முடித்துவிடலாமா? தொடக்கத்தில் நான் தயங்கியது இதனால்தான். பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் காலடிகளில் ஊற்றியபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் போட்டவர் யூதாசு (யோவான் 12). ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. ஏறத்தாழ ஓர் ஆண்டின் உழைப்பு! கணக்கு சரிதான். ஆனால் ஏழைகள்மீது அக்கறை இருந்ததால் அவர் அப்படிச் சொல்லவில்லை என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார்.

அடுத்தவர் பொருளை ஏழைக்குக் கொடுக்கச் சொல்வது எளிது, அன்பானவர்களே. 220 கோடிக்காரரை நாம் திட்டுவது பல நேரங்களில் ஏழைமேல் உள்ள அன்பால் அல்ல, நமக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கத்தால். அதை மறைக்காமல் ஒத்துக்கொள்வோம்.

அதே தைலத்தை மரியா பெட்டியில் பூட்டி வைத்திருந்தால்? விலை இருந்திருக்கும், மணம் இருந்திருக்காது. ஊற்றியபின்தான் வீடு முழுவதும் மணந்தது. அழகான, விலையுயர்ந்த பொருள் தவறல்ல. அது திறக்கப்பட்டதா, பூட்டப்பட்டதா என்பதே கேள்வி. அன்பின் பொருட்டுத் திறக்கப்பட்டால் ஆண்டவர் அதைப் பாதுகாத்துப் பேசுகிறார். பூட்டிக் கிடந்தால், அது சாதாரணக் கோதுமையே ஆனாலும், அறிவின்மை என்கிறார்.

மூன்று திருத்தந்தையர், மூன்று கார்கள்

கார் விற்பனையில் நம் திருச்சபைக்கும் ஒரு வரலாறு உண்டு.

1964 டிசம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் நற்கருணை மாநாட்டுக்காக மும்பைக்கு வந்தார். இந்திய மண்ணை மிதித்த முதல் திருத்தந்தை அவரே. அதற்கு முந்திய மாதம்தான் தம் மும்முடியை ஏழைகளுக்கென்று பீடத்தில் கழற்றி வைத்திருந்தார். பயணத்தின்போது தமக்குக் கிடைத்த வெள்ளை லிங்கன் காரை அன்னை தெரேசாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்னை அதில் ஏறி உட்காரவில்லை. குலுக்கல் சீட்டுப் போட்டு, வந்த பணத்தைத் தொழுநோயாளர்களுக்கான சாந்தி நகருக்குச் செலவிட்டார். விலையைவிட அதிகம் திரட்ட ஓர் அன்னைக்குத் தெரிந்திருந்தது!

இரண்டாவது நம் கண்ணீரோடு கலந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிறு காலை. சுனாமி நம் கடற்கரையை அள்ளிக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அதில் உண்டு. அப்போது ஃபெராரி நிறுவனம் 'என்ஸோ' என்ற தன் காரில் 399 போதும் என்று நிறுத்தியிருந்தது. நானூறாவதாக ஒன்றைக் கூடுதலாகச் செய்து, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்கு அளித்தது. சுனாமியில் பாதிக்கப்பட்டோருக்காக அது 2005இல் மரனெல்லோவில் ஏலம் விடப்பட்டது. சுமார் 11 லட்சம் டாலர் கிடைத்தது. ஏலம் நடக்குமுன், 2005 ஏப்ரல் 2 அன்று, திருத்தந்தை இறைவனடி சேர்ந்துவிட்டார். களஞ்சியத்தில் எதையும் விடாமல் போனவர்!

மூன்றாவது, 2017 நவம்பரில் லம்போர்கினி நிறுவனம் திருத்தந்தை பிரான்சிசுக்கு வெள்ளையும் மஞ்சளுமான புதிய கார் ஒன்றை அளித்தது. அதை மந்திரித்து, முன்மூடியில் கையொப்பமிட்டார், அவ்வளவுதான். 2018 மே மாதம் மொனாக்கோவில் அது 7 லட்சத்து 15 ஆயிரம் யூரோவுக்கு விற்றது. ஈராக்கில் நினிவே சமவெளியில் வன்முறையால் வீடிழந்த கிறிஸ்தவர்கள் ஊர் திரும்பவும், மனித வணிகத்தில் சிக்கிய பெண்களின் மறுவாழ்வுக்கும், ஆப்பிரிக்காவில் மருத்துவ, சமூகப் பணிகளுக்கும் அந்தப் பணம் ஒதுக்கப்பட்டது. அவர் தமக்கென்று ஏற்றுக்கொண்ட கார் வேறு. 2013இல் வெரோனாவைச் சேர்ந்த வயதான பங்குத்தந்தை ஒருவர் கொடுத்த 1984ஆம் ஆண்டின் ரெனோ 4. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி! அதற்கு ஏலத்தில் என்ன விலை கிடைக்குமோ, அது ஓடிய தூரத்துக்கு ஒரு விலை உண்டென்றால் அதை எந்த ஏலமும் சொல்லாது.

இதில் நாம் பெருமை பாராட்டி நின்றுவிடக் கூடாது. நல்ல காரியத்துக்காக நடக்கும் ஏலமும் ஒரு பணக்காரரின் ஆசையை நம்பித்தான் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் அதே கலிபோர்னியா வட்டாரத்தில் ஃபெராரியின் புதிய கார் ஒன்று கல்விப் பணிக்காக ஏலம் விடப்பட்டு 260 லட்சம் டாலர் பெற்றது. நன்மை விளையட்டும். ஆனால் வாங்கியவருக்குக் காரும் கிடைத்தது, புகழும் கிடைத்தது. காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆண்டவர் யாரைக் கவனித்தார் என்பது நமக்குத் தெரியும். ஏலம் ஏழைக்கு உதவலாம். நீதிக்கு அது ஈடாகாது.

நம் களஞ்சியங்கள்

இப்போது நம்மிடம் வருவோம். நம்மில் யாரும் ஃபெராரி வாங்கப் போவதில்லை. ஆனால் களஞ்சியம் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

முதலில் என்னைப் போன்ற குருக்களைச் சொல்கிறேன். புது மாடல் காரில் வரும் குருவையோ துறவியையோ பார்த்தால் மனம் வலிக்கிறது என்று 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னார். பணிக்குக் கார் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை, எளிய காராக இருக்கட்டும் என்றார். அது எங்களுக்கு. பங்குச் சமூகமாகவும் கேட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு இருமுறை மட்டும் திறக்கும் மண்டபம், பூட்டிக் கிடக்கும் நூலகம் இவையெல்லாம் என்ன? மாலையில் விளக்கு வசதியின்றிப் படிக்கும் பிள்ளைகள் நம் தெருவில் இருக்கும்போது அந்த மண்டபத்தில் விளக்கு எரியக் கூடாதா?

வீடுகளில்? மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்து, கல்யாணமும் முடிந்து, இன்னும் வங்கிப் பெட்டகத்திலேயே உறங்கும் நகை. விலை ஏறட்டும் என்று முள் மண்டவிட்ட மனை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்க, இங்கே பூட்டிக் கிடக்கும் மாடி வீடு. அதே ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலையும் இளம் குடும்பம். உலகின் பொருள்கள் எல்லா மக்களுக்காகவும் படைக்கப்பட்டவை, தனியுடைமைக்கு உரிமை உண்டு, ஆனால் அந்த உரிமையின்மேல் ஏழைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம் திருச்சபையின் சமூகப் போதனை. அது ரோமில் இருப்பவர்களுக்கு மட்டும் சொன்னதல்ல.

பொருள் மட்டுமா? ஓய்வுபெற்ற ஆசிரியரின் அறிவு, தையல் தெரிந்த அம்மாவின் கைவேலை, சொல்லாமல் விட்ட மன்னிப்பு இவையும் களஞ்சியத்தில் தூசி படிந்து கிடக்கின்றன. 'இன்னொரு நாள் பார்ப்போம்' என்கிறோம். பாயோனும் அருங்காட்சியகத்தை இன்னொரு நாளைக்கு வைத்திருந்தார்.

இந்த வாரம் ஒரு சிறு பயிற்சி செய்வோமா? வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, ஓராண்டுக்கும் மேல் யாரும் தொடாத பொருள் ஒன்றைத் தேடுங்கள். அது ஒரு சைக்கிளாக இருக்கலாம், தையல் இயந்திரமாக இருக்கலாம், பூட்டிய அறையாக இருக்கலாம். அது யாருக்குப் பயன்படும் என்று ஒரு பெயரைச் சொல்லுங்கள். பெயர் முக்கியம். 'ஏழைகள்' என்று பொதுவாகச் சொல்வது யூதாசின் வழக்கம். பெயர் சொல்லி, பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லையென்றால் நீங்களே பயன்படுத்துங்கள், அதுவும் நல்லதே. இருட்டில் மட்டும் விடாதீர்கள்.

அந்த 220 கோடிக் கார் இப்போது யாரோ ஒருவர் வசம் இருக்கிறது. அவரை நாம் திட்ட வேண்டாம். அவருக்காகச் செபிப்போம். ஒரு நல்ல காலைப் பொழுதில் கூரையை மடக்கிவிட்டு, பக்கத்து இருக்கையில் யாரையாவது ஏற்றிக்கொண்டு அவர் வெளியே வரட்டும். நாமும் நம் களஞ்சியக் கதவைத் திறப்போம். சேர்த்தது யாருக்கு என்ற கேள்வி ஒருநாள் நம்மிடமும் கேட்கப்படும். அன்று சொல்ல ஒரு பெயராவது நம் நாவில் இருக்கட்டும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!